ஓர் இனத்துக்கென்று தனிக் குடும்பம்: கங்காரு தீவின் பொன்னிற அந்துப்பூச்சி

ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரைக்கு அப்பால் கங்காரு தீவு இருக்கிறது. அடிலெய்டு நகரின் தென்மேற்கில், பெருநிலத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தீவை அடைந்துவிடலாம். அங்கே சைப்ரஸ் பைன் மரங்களை நம்பி ஒரு சிறிய அந்துப்பூச்சி வாழ்கிறது. அதன் சிறகில் பொன்னிறமும் ஊதாவும் மினுங்கும். கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும் பூச்சி இணை தேடி, முட்டையிட்டு, ஒரே நாளில் வாழ்க்கையை முடித்துக்கொள்கிறது. அந்த ஒரு நாளில் அது எதையும் சாப்பிடுவதில்லை, சாப்பிடுவதற்கு ஏற்ற வாயும் அதற்கு இல்லை.

ஏனிக்மாட்டினியா கிளாட்செல்லா என்பது இதன் அறிவியல் பெயர். 2015-ல்தான் இதைப் பற்றிய முறையான விவரிப்பு வெளிவந்தது. இந்த ஒரே இனத்துக்காக ஏனிக்மாட்டினிடே என்ற புதிய குடும்பத்தையே உருவாக்க வேண்டியிருந்தது. பூச்சியியல் ஆய்வாளர்களைப் பரபரப்பாக்கியது அதுதான். புதிய இனம் கிடைப்பது அரிய செய்தி அல்ல, உலகெங்கும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான புதிய அந்துப்பூச்சி இனங்கள் விவரிக்கப்படுகின்றன. புதிய குடும்பம் என்பது வேறு விஷயம்.

அந்த வேறுபாடு புரிய, வகைப்பாட்டின் படிகளைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தமக்குள் இணைந்து இனம் பெருக்கும் உயிர்களின் கூட்டம் ஓர் இனம். நெருங்கிய உறவுள்ள இனங்கள் சேர்ந்தால் பேரினம், பேரினங்கள் சேர்ந்தால் குடும்பம், குடும்பங்கள் சேர்ந்தால் வரிசை. அந்துப்பூச்சிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் லெபிடோப்டெரா என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இதுவரை விவரிக்கப்பட்ட ஏறக்குறைய 1,60,000 இனங்கள் அதில் இருக்கின்றன, குடும்பங்களோ நூற்றுச் சொச்சம்தான். வண்ணத்துப்பூச்சிகளைத் தனி உலகமாக நினைப்பது நம் பழக்கம். உறவு மரத்தை வரைந்து பார்த்தால் அவை அந்துப்பூச்சிகளுக்கு நடுவிலிருந்து கிளைத்த ஒரு கொப்பு, அவ்வளவுதான்.

ஆக, ஒரு பூச்சிக்குத் தனிக் குடும்பம் தருகிறார்கள் என்றால், தெரிந்த நூற்றுச் சொச்சம் குடும்பங்களில் எதற்குள்ளும் அது அடங்கவில்லை என்று அர்த்தம். அதன் கிளை மற்றவற்றிலிருந்து மிக மிக முன்பே பிரிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் இதற்கு முன் இப்படி ஆதிக் கிளைகளில் ஒரு புதிய குடும்பம் நிறுவப்பட்டது 1973-ல். இயான் காமன் என்ற ஆய்வாளர் அப்போது லோபோகொரோனிடே குடும்பத்தை விவரித்தார். அடுத்ததற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, இந்தப் பூச்சியை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் முதலில் கண்ணில் படுவது நிறம்தான். அந்துப்பூச்சியின் சிறகு உண்மையில் ஒரு மெல்லிய, ஒளி ஊடுருவும் சவ்வு. அதன் மேல் ஓடு வேய்ந்தது போல ஆயிரக்கணக்கான செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி இந்தச் செதில்கள்தான். ஒவ்வொன்றும் தட்டையாக மாறிப்போன ஒரு மயிர். லெபிடோப்டெராவுக்கு மிக நெருங்கிய உறவான காடிஸ் ஈக்களின் சிறகில் செதிலுக்குப் பதிலாக மயிர் இருப்பதைப் பார்த்தால் இந்தக் கதை விளங்கும்.

பழுப்பு, கறுப்பு போன்ற நிறங்கள் செதிலில் உள்ள நிறமிகளால் வருபவை. உலோகம் போன்ற பளபளப்பு அப்படி வருவதில்லை. அது செதிலின் கட்டமைப்பு செய்யும் வேலை. செதிலின் மிக மெல்லிய அடுக்கில் ஒளி பட்டதும் ஒரு பகுதி மேற்பரப்பிலும் இன்னொரு பகுதி அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் வலுவடைகின்றன, சில அழிகின்றன. அடுக்கின் தடிமன் கொஞ்சம் மாறினாலே பொன்னிறம் ஊதாவாகிவிடும். சோப்புக் குமிழியில் வண்ணங்கள் ஓடுவதும் இதே இயற்பியல்தான். இந்தப் பளபளப்பு வெகு பழமையானது என்பதற்குச் சான்று இருக்கிறது. ஜுராசிக் காலப் பாறைகளில் கிடைத்த அந்துப்பூச்சிச் செதில்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், அந்தப் பூச்சிகளும் வெண்கலம், பொன் போன்ற நிறங்களில் மின்னியிருக்க வேண்டும் என்று 2018-ல் எழுதினார்கள். டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே பொன்னிற அந்துப்பூச்சிகள் பறந்திருக்கின்றன!

ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் வகைப்பாட்டில் சறுக்கிவிடுவோம். தொடக்க நிலையில் படிக்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பழகிக்கொள்ள வேண்டியது இதை என்பேன். ஐரோப்பாவில் மைக்ரோப்டெரிக்ஸ் என்ற பேரினம் உண்டு. அதன் பல இனங்கள் பொன்னும் ஊதாவுமாக ஜொலிப்பவை. பூக்களில் கூட்டமாக உட்கார்ந்து மகரந்தம் தின்னும். எரியோக்ரேனியா என்று இன்னொரு பேரினம். அதுவும் பொன்னும் ஊதாவும்தான், அதன் புழு பிர்ச் மரத்து இலைக்குள்ளே சுரங்கம் தோண்டி வாழும். கங்காரு தீவுப் பூச்சியின் படத்தை இவற்றின் படங்களோடு கலந்து வைத்தால் புதிதாகப் பார்ப்பவர் மூன்றையும் ஒரே குடும்பம் என்றுதான் சொல்வார். உண்மையில் மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பங்கள். மைக்ரோப்டெரிக்ஸுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையிலான பிரிவு, எரியோக்ரேனியாவுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இடையிலான பிரிவைவிடப் பழையது. நிறத்தில் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிபவை உறவில் அவ்வளவு தூரம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் சிறகு நரம்புகள். செதில்களை நீக்கிவிட்டால் சவ்வைத் தாங்கும் நரம்புகள் தெரியும். ஆதிக் கிளைகளைச் சேர்ந்த அந்துப்பூச்சிகளில் முன்சிறகின் நரம்பமைப்பும் பின்சிறகின் நரம்பமைப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பிற்காலக் கிளைகளில் பின்சிறகின் நரம்புகள் குறைந்து, இரண்டும் வேறு வேறாகிவிட்டன. விளக்கைச் சுற்றி வரும் பெரும்பாலான அந்துப்பூச்சிகளும் எல்லா வண்ணத்துப்பூச்சிகளும் இந்த இரண்டாம் வகை. ஏனிக்மாட்டினியாவின் நான்கு சிறகுகளும் பழைய முறையில் இருக்கின்றன. இது ஆதிக் கிளைகளில் ஒன்று என்பதற்கு முதல் தடயம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்தது இனப்பெருக்க உறுப்புகள். பூச்சியியலில் இது கூச்சத்துக்குரிய விஷயமே இல்லை, அன்றாட வேலை. பூச்சியின் வயிற்றுப் பகுதியைத் தனியாகப் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு மென்பாகங்களைக் கரைத்துவிடுவார்கள். கெட்டியான பாகங்கள் மட்டும் மிஞ்சும். அவற்றுக்குச் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றே போலிருக்கும் இரண்டு இனங்களை இங்கே பிரித்தறிந்துவிடலாம். பெரிய அளவிலும் இது உதவும். லெபிடோப்டெராவில் 98 சதவீதம் அளவுக்கு இனங்கள் டிட்ரிசியா என்ற ஒரே பெருங்கிளையில் அடங்குகின்றன. அந்தக் கிளையின் அடையாளம், பெண் பூச்சிக்கு இணை சேர ஒரு திறப்பும் முட்டையிட வேறொரு திறப்பும் இருப்பது. ஏனிக்மாட்டினியா இந்தப் பெருங்கிளைக்கு வெளியே நிற்கிறது. மிச்சமிருக்கும் இரண்டு சதவீதத்துக்குள்தான் அதன் இடத்தைத் தேட வேண்டும்.

அப்புறம் வாய். அந்துப்பூச்சி வகைப்பாட்டின் சுவையான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

பூவில் அமரும் வண்ணத்துப்பூச்சி சுருட்டி வைத்திருக்கும் நீண்ட குழலை நீட்டித் தேன் உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உறிஞ்சுகுழலைத்தான் ஆய்வாளர்கள் நாக்கு என்றும் சொல்கிறார்கள். ஆனால் எல்லா அந்துப்பூச்சிகளுக்கும் அது கிடையாது. உறவு மரத்தின் அடியில் மூன்று குடும்பங்கள் குழல் இல்லாமல் இருக்கின்றன. மேலே சொன்ன மைக்ரோப்டெரிக்ஸின் குடும்பத்தில் வளர்ந்த பூச்சிக்குக் கடித்து மெல்லும் தாடைகள் உண்டு. அகாத்திஃபாகிடே குடும்பத்தில் இரண்டே இனங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் பசிபிக் தீவுகளிலும், ஊசியிலை மரக் கூட்டத்தைச் சேர்ந்த கௌரி மரத்து விதைக்குள் அவற்றின் புழுக்கள் வளர்கின்றன. தென் அமெரிக்காவில் ஹெட்டரோபாத்மிடே குடும்பம் இருக்கிறது, அது தெற்கத்திய பீச் மரங்களைச் சார்ந்தது. இந்த மூன்றையும் தாண்டியதும் வரும் மற்ற எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்து குளோசாட்டா என்று பெயர். குழல் உள்ள கூட்டம் அது.

இப்போது கங்காரு தீவுப் பூச்சிக்கு வருவோம். அதற்குக் குழல் இல்லை. வாயுறுப்புகள் சுருங்கித் தேய்ந்து பெயரளவுக்கு மட்டும் இருக்கின்றன. அப்படியானால் அதைக் குழலற்ற அந்த மூன்று குடும்பங்களோடு மரத்தின் அடியில் வைத்துவிடலாமா?

கூடாது. ஓர் உறுப்பு இல்லை என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மண்புழுவுக்குக் கால் இல்லை, பாம்புக்கும் கால் இல்லை. மண்புழுவின் முன்னோர்களுக்குக் கால் இருந்ததே கிடையாது. பாம்பின் முன்னோர்கள் நான்கு காலுள்ள ஊர்வன, கால்களைப் பின்னால் இழந்தவை. இரண்டுக்கும் கால் இல்லை என்பதற்காக அவற்றை ஒரே கூட்டத்தில் சேர்த்தால் வகைப்பாடு பாழாகிவிடும். ‘இல்லை’ என்பதை வைத்து உறவு சொல்வதற்கு முன், ‘எப்போதுமே இருந்ததில்லையா, இருந்து போய்விட்டதா’ என்று கேட்க வேண்டும். அந்துப்பூச்சிகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பட்டுப்பூச்சி உட்பட வளர்ந்த பின் சாப்பிடாத அந்துப்பூச்சிகள் பல கிளைகளில் உள்ளன. குழலுள்ள முன்னோர்களிலிருந்து வந்து, தனித்தனியாக அதை இழந்தவை அவை. புழுப் பருவத்தில் தின்று சேர்த்த கொழுப்பே ஆயுள் முழுவதற்கும் போதும் என்றால் வாயைப் பராமரிப்பது வீண் செலவு. ஒரே நாள் வாழும் ஏனிக்மாட்டினியாவுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

வாய் சாட்சி சொல்ல மறுக்கும்போது வேறு சாட்சிகளைத் தேட வேண்டியிருக்கிறது. இந்தப் பூச்சிக்கு இரண்டு வழிகளில் தேடினார்கள். முதல் வழி உடலமைப்பு. உடலமைப்பை நுணுக்கமாக ஆராய்ந்த குழுவுக்கு முன்னின்றவர் டென்மார்க்கின் நீல்ஸ் பீடர் கிறிஸ்டென்சன். ஆதி அந்துப்பூச்சிகளை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். தென் அமெரிக்க ஹெட்டரோபாத்மிடே குடும்பத்தை 1979-ல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். கங்காரு தீவுப் பூச்சியைப் பற்றிய கட்டுரை 2015-ல் அச்சாவதைக் காண அவர் இல்லை, 2014 டிசம்பரில் காலமாகிவிட்டார். ஆஸ்திரேலியாவின் டெட் எட்வர்ட்ஸ், நியூசிலாந்தின் ஜார்ஜ் கிப்ஸ் போன்றவர்களும் குழுவில் இருந்தார்கள். மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் அன்றைய இயக்குநர் டக் ஹில்டன் கூட இந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர். இரத்த அணுக்களை ஆராயும் விஞ்ஞானி அவர். அந்துப்பூச்சி மேல் தீராத ஆசை. மனித நோய்களை ஆராயப் பயன்படும் மரபணு நுட்பங்கள் ஒரு தீவுப் பூச்சியின் உறவைக் கண்டுபிடிக்கவும் உதவுகின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இரண்டாவது வழி டி.என்.ஏ. பல மரபணுக்களின் எழுத்து வரிசைகளை மற்றக் குடும்பங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், ஏனிக்மாட்டினியா குழலற்ற மூன்று குடும்பங்களோடு சேரவில்லை. நியோப்சூஸ்டிடே, அகாந்தோப்டெராக்டெடிடே என்ற இரண்டு குடும்பங்களோடு உறவாக வந்து நின்றது. முதல் குடும்பத்தின் பூச்சிகள் இந்தியாவின் வடகிழக்கு, சீனா, தைவான் ஆகிய இடங்களிலும், உலகின் மறுபுறம் சிலியிலும் இருக்கின்றன. வழக்கமாக வாயின் இரு பாதிகள் சேர்ந்துதான் ஒரே உறிஞ்சுகுழல் ஆகும். இந்தக் குடும்பத்திலோ ஒவ்வொரு பாதியும் தனித்தனிக் குழல். இரட்டைக் குழல் கொண்ட உறவினர் ஒரு பக்கம், குழலே இல்லாத கங்காரு தீவுப் பூச்சி இன்னொரு பக்கம்!

இந்த முடிவு குழலின் வரலாற்றையே கொஞ்சம் கலைத்துவிட்டது. குழல் ஒரே ஒருமுறை தோன்றி, அதிலிருந்து எல்லாம் படிப்படியாக வளர்ந்தது என்ற நேர்க்கோட்டுக் கதை இப்போது அவ்வளவு எளிதாக நிற்பதில்லை. அந்துப்பூச்சிகளிலும் வண்ணத்துப்பூச்சிகளிலும் குழல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றியிருக்கலாம் என்று ஆய்வுக் குழு கருதியது. 2018-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் பூமியைத் துளையிட்டு எடுத்த படிவுகளில் சுமார் 20 கோடி ஆண்டு பழமையான அந்துப்பூச்சிச் செதில்கள் கிடைத்தன. அவற்றில் சில உள்ளே காலியான செதில்கள். இன்று அப்படிப்பட்ட செதில் குழலுள்ள கூட்டத்தில் மட்டுமே இருக்கிறது. பூக்கும் தாவரங்கள் பெருகியதோ அதற்கு வெகு காலத்துக்குப் பிறகுதான். பூத்தேனுக்காகக் குழல் வந்தது என்றுதான் பலர் படித்திருப்போம். பூக்களுக்கு முன்பே குழல் இருந்தது என்றால், வறட்சியில் நீர்த்துளிகளையோ ஊசியிலை மரங்களின் கூம்புகளில் சுரக்கும் துளிகளையோ உறிஞ்ச அது உதவியிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்த இடத்தில் ‘ஆதி’ என்ற சொல்லைப் பற்றியும் பேசிவிட வேண்டும். செய்திகளில் இந்தப் பூச்சியை ‘வாழும் டைனோசர்’ என்று எழுதியிருந்தார்கள். வாசகரை ஈர்க்க அது உதவலாம், ஆனால் தவறான படத்தை மனதில் பதிக்கிறது. ஏனிக்மாட்டினியா எந்த வண்ணத்துப்பூச்சிக்கும் மூதாதை அல்ல. அதுவும் வண்ணத்துப்பூச்சிகளும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவை, இரண்டுமே அதே அளவு காலத்தைக் கடந்து இன்று நம்மோடு இருப்பவை. சிறகு நரம்பில் அது பழைய அமைப்பை வைத்துக்கொண்டிருக்கிறது. வாயைத் தேய்த்துக்கொண்டதில் அது தன் வழியில் வெகுதூரம் மாறியும் இருக்கிறது. ஒரே உடலில் பழையதும் புதியதும் கலந்திருக்கும். அதனால் ‘ஆதிக் கிளையைச் சேர்ந்தது’ என்பதற்கு ‘முன்பே பிரிந்த கிளை’ என்று மட்டும் பொருள் கொள்ளுங்கள், ‘வளர்ச்சி குன்றியது’ என்று அல்ல.

பெயரைப் பற்றிச் சுருக்கமாக: பெயரின் முதல் பகுதி பேரினத்தைக் குறிக்கும், புதிர் என்ற பொருளில் வைத்தது. இரண்டாம் பகுதி, தீவில் வாழ்ந்தபடியே இந்தப் பூச்சியை முதலில் கவனித்த ரிச்சர்ட் கிளாட்ஸைச் சிறப்பிக்க வைத்தது. பேரினப் பெயரோடு ‘இடே’ என்ற ஈறு சேர்ந்தால் விலங்குகளில் அது குடும்பப் பெயர். எனவே ஏனிக்மாட்டினிடே. இன்றைக்கு அந்தக் குடும்பத்தில் ஒரே பேரினம், அதில் ஒரே இனம்.

இனி, இந்தப் பூச்சி வளரும் மரம். வளர்ந்த பூச்சிக்கு ஒரே நாள் ஆயுள் என்பதால், அதன் வாழ்வின் பெரும்பகுதி புழுவாகத்தான் கழிகிறது. காலிட்ரிஸ் பேரினத்தைச் சேர்ந்த தெற்கத்திய சைப்ரஸ் பைன் மரத்தின் தண்டைத் துளைத்து, உள்ளேயே தின்று வளர்கிறது புழு. பெயரில் பைன் என்று இருந்தாலும் இது சைப்ரஸ் குடும்பத்து மரம். அந்துப்பூச்சிப் புழுக்களில் மிகப் பெரும்பாலானவை பூக்கும் தாவரங்களைத் தின்பவை. அதனால் ஆதிக் கிளையைச் சேர்ந்த ஒரு பூச்சி ஊசியிலை மரக் கூட்டத்தில் ஒன்றைத் தின்று வாழ்வது கவனிக்க வேண்டிய செய்தி. கௌரி மரத்து விதையில் வளரும் அகாத்திஃபாகாவும் இதே போலத்தான்.

இந்தப் பூச்சி இவ்வளவு காலம் யார் கண்ணிலும் படாததற்குக் காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. உருவத்தில் மிகச் சிறியது. புழு தண்டுக்குள் மறைந்திருக்கிறது. வளர்ந்த பூச்சியைப் பார்க்க வேண்டுமானால், அது வெளிவரும் பருவத்தில், அது வாழும் மரத்தின் அருகில், சரியான நாளில் ஒருவர் நிற்க வேண்டும். தீவில் குடியிருந்துகொண்டே பூச்சிகளைக் கவனிக்கும் ஒருவருக்கு அது கிடைத்ததில் வியப்பில்லை. அவ்வப்போது வந்து போகும் ஆய்வுக் குழுக்களைவிட, ஒரே இடத்தை ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்களால் பூச்சியியலுக்குக் கிடைத்தது நிறைய.

2019-20 கோடையில் ஆஸ்திரேலியாவை உலுக்கிய காட்டுத்தீயில் கங்காரு தீவின் ஏறக்குறைய பாதி எரிந்துபோனது. பெரும்பாலும் தீவின் மேற்குப் பகுதி. சைப்ரஸ் பைன் தீயைத் தாங்கும் மரம் அல்ல, கடும் தீயில் வளர்ந்த மரம் இறந்துவிடும், விதையிலிருந்துதான் மறுபடி வர வேண்டும். ஒரே தீவில், ஒரே வகை மரத்தை நம்பியிருப்பதாக அறியப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. ஓர் இனம் அழிந்தால் அதன் பேரினத்தில் சகோதர இனங்கள் இருக்கும் என்பது வழக்கமான ஆறுதல். இங்கே அந்த ஆறுதல் கிடையாது, அந்த ஓர் இனத்தோடு குடும்பமே போய்விடும்.

உறவினர்கள் வேறெங்காவது இருக்கக்கூடுமா? என்னைக் கேட்டால், தேடிப் பார்க்கத் தகுந்த இடம் காலிட்ரிஸ் மரங்கள்தான். சைப்ரஸ் பைன்கள் கங்காரு தீவுக்கு மட்டும் உரியவை அல்ல, அந்தப் பேரினத்தின் இனங்கள் ஆஸ்திரேலியா முழுவதும் பரவியிருக்கின்றன, நியூ கலிடோனியாவிலும் உண்டு. கங்காரு தீவே சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்புதான் கடல் மட்டம் உயர்ந்ததால் பெருநிலத்திலிருந்து துண்டானது. இருபது கோடி ஆண்டு வரலாற்றில் அது நேற்று நடந்தது போல. வெயில் நேரத்தில் சைப்ரஸ் பைன் கிளைகளைச் சுற்றி ஏதாவது பொன்னிறமாக மின்னுகிறதா என்று பார்ப்பதும், வாடிய தண்டுகளைப் பிளந்து புழு இருக்கிறதா என்று பார்ப்பதும் பெரிய கருவிகள் இல்லாமலே செய்யக்கூடிய வேலைகள்.